டிவிப் பெட்டிக்குள் பூனைக்குட்டி

அந்தத் தெருவில் அவருக்குக் கழட்டி என்று பெயர். மின்விசிறி, மிக்சி, தையல் மெஷின், தண்ணீர் மோட்டார், எது போனாலும் அவர் கடைக்குத்தான் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகித் திரும்பிப் போகும். பெயர் வந்தது மீதிப் பத்தால். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதையும் ‘சும்மா ஒரு பார்வை பார்த்துடலாமே’ என்று திறந்துவிடுவார். வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கொஞ்சம் கூடுதல் என்று கழற்றினார். இப்போது சத்தமே இல்லை. முள்ளும் நகர்வதில்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது டிவி. மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, மரப்பெட்டி வைத்த பழைய டிவி. படத்தின் ஓரத்தில் லேசாகப் பச்சை அடிக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தைத் திறந்தார். பச்சையும் போனது, படமும் போனது. உள்ளே இருந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊரார் சாமான்களுக்குள் குடிபோக, வெறும் பெட்டி மட்டும் கடை மூலையில் கிடந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும், பழைய வாஷிங் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து எண்ணெய் போடாத கீல் மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பூனைக்குட்டி. பின்னங்கால் ஒன்று ஈரத்துணி போல இழுபட்டது. எந்த வண்டியோ, எந்த நாயோ, எந்தக் கூரையோ, அதற்குத்தான் வெளிச்சம்.

கடை ஸ்டூலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன், லாரி ஓட்டி ஓய்ந்தவர். பின்கட்டு அறையில் படுக்கை, பகல் முழுக்க அந்த ஸ்டூல்.

“மாப்ளே, அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. பார்த்துக் கை வை.”

“எலும்புதானே மச்சான். நேரா வெச்சுக் கட்டினா ஒட்டிக்கும்.”

கால்நடை டாக்டர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கத்து டவுனில். பாதி நாள் பஸ் பயணம். அந்தக் குலுக்கலில் நல்ல எலும்பே நொறுங்கிப்போகும். அதனால் யாரையும் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பழைய ஆன்டெனாவிலிருந்து ஒரு அலுமினியப் பட்டையை வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்கி, பஞ்சு வைத்து, குட்டியின் காலோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் சுற்றினார். வேலை சுத்தமாக இருந்தது. எதிர்க்கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

“பெயிண்ட் அடிச்சா லாரிக்கே மாட்டலாம்” என்றார் மச்சான்.

மனைவி சலவைக் கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறவள். சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்காமல் குட்டியைப் பார்த்தாள்.

“கத்திக்கிட்டே இருக்கே. நல்லாயிருக்குன்னு சொல்லுதா, வலிக்குதுன்னு சொல்லுதா?”

“புதுசுல்ல. பழகிடும்.”

விடிந்தபோது குட்டி கத்துவதை நிறுத்தியிருந்தது. அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான், டேப்புக்குக் கீழே பாதம் உப்பிப்போய் இலந்தைப் பழம் போல உருண்டிருந்தது தெரிந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. பால் வைத்தார், திரும்பிப் பார்க்கவில்லை. வலிக்குத்தான் என்று தன் தலைவலி மாத்திரையில் ஒன்றைக் கரண்டியில் போட்டுப் பொடிக்கத் தொடங்கினார்.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் மனைவி. முந்தின நாளே பால்காரரிடம் டாக்டரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள். வாங்கியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

விவரம் கேட்ட டாக்டரம்மா, “கட்டினது யாரு?” என்றார்.

மச்சான் கூரையைப் பார்த்தார்.

“நான்தாங்க.”

“முதல்ல அதை அவிழுங்க. போனை வைக்காதீங்க, நான் இருக்கேன்.”

அவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மயிரோடு ஒட்டிய டேப்பைக் கத்தரியால் நறுக்கி எடுக்க, குட்டி பல்லைக் காட்டிச் சீறியது. சீறத் தெம்பு மிச்சமிருக்கிறதே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

“பாதத்துல சூடு திரும்புதான்னு பார்த்துக்கிட்டே இருங்க. திரும்பலைன்னா கால் போயிடும். காலோட நின்னுடும்னும் சொல்ல முடியாது. வேற ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒரு மாத்திரை... இன்னும் குடுக்கலை.”

“குடுத்திருந்தா இந்நேரம் குழி தோண்டிட்டு இருப்பீங்க. மனுஷ மாத்திரை பூனைக்கு விஷம். பாலும் வேணாம், வயித்தால போகும். மீனோ கோழியோ உப்பில்லாம வேகவெச்சு உதிர்த்துப் போடுங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா உடைஞ்சது தொடை எலும்பு. அதுக்கு வெளியிலேர்ந்து கட்டே கிடையாது. குட்டி எலும்பு, தானாக் கூடும். ஏறாம, குதிக்காம சின்ன இடத்துல அடைச்சு வைங்க. வாரக்கணக்குல ஆகும். மாசக் கடைசியில ஆடுகளுக்கு ஊசி போட அந்தப் பக்கம் வருவேன், அப்ப பார்க்கறேன்.”

“அதுவரைக்கும் நாங்க என்ன பண்ணணும் டாக்டர்?” என்று கேட்டார் கழட்டி.

“ஒண்ணும் பண்ணக்கூடாது.”

“ஒண்ணுமேவா?”

“ஏன், முடியாதா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: “கஷ்டம்தான் டாக்டர். பார்க்கறோம்.”

அன்று கடையில் வேலை ஓடவில்லை. மிக்சி கேட்டு வந்தவரை மச்சானே நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார். கழட்டி குட்டியின் பாதத்தில் இரண்டு விரலை வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். மதியம் தாண்டித்தான் விரலுக்கு லேசாகச் சூடு தட்டியது. தன் விரலின் சூடோ என்று சந்தேகப்பட்டு மச்சானைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“என்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு மாப்ளே” என்றார் மச்சான்.

அடைத்து வைக்க இடம் வேண்டுமே. அட்டைப்பெட்டியில் போட்டால் நகத்தால் பிறாண்டி ஏறப் பார்க்கும். காய்கறிக் கூடையில் சந்து பெரிது. கணவன், மனைவி இரண்டு பேர் கண்ணும் கடை மூலையில் கிடந்த டிவிப் பெட்டிக்கு ஒரே நேரத்தில்தான் போயிருக்கவேண்டும். அவர் எந்த முகத்தோடு கேட்பார்?

“அதை எடுங்க” என்றாள் அவள்.

பெட்டியைக் கழுவிக் காயவைத்தார். திரை இருந்த இடத்தில் ஒரு டேபிள் ஃபேனின் கம்பிவலையை அளவாக வெட்டி, பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூவாக முடுக்கினார். உள்ளே பழைய துண்டு, ஒரு தட்டில் மண். மறுபடியும் ஹாலில் அதன் பழைய இடத்துக்கே டிவி வந்து சேர்ந்தது.

காலையும் மாலையும் மனைவிதான் வலையைத் திறந்து சாப்பாடு வைத்தாள், மண் மாற்றினாள். வேலைக்குக் கிளம்பும்போது ஸ்க்ரூடிரைவரைத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். கடையில் இன்னும் இருபது ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள், அவர் பார்க்கும்படியாகவே.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் அந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். குட்டி தூங்கியது, முகம் துடைத்தது, மறுபடி தூங்கியது.

“சேனலை மாத்தும்மா, நேத்துப் போட்டதையே போடறான்” என்பார் மச்சான்.

“கரெண்ட் போனாலும் ஓடுதுல்ல, அதைப் பாருங்க” என்பாள் தங்கை.

அவர் மட்டும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். தொடையில் ஒரு முடிச்சு எழும்பியிருந்தது. கால் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. இப்போதே கொஞ்சம் அழுத்தி நேராக்கிவிட்டால்? கோணலாகவே இறுகிவிட்டால் பிறகு யார் வந்து என்ன செய்ய முடியும்? கை குறுகுறுத்தது.

ஒரு நாள் மச்சான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். கழட்டி கடையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ஹாலுக்கு வந்தார். இடது பக்க ஸ்க்ரூ கழன்று கைக்கு வந்தது. சாப்பாடு வருகிறது என்று நினைத்த குட்டி எழுந்தது. மூன்று காலில் நின்றது. அப்புறம் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும்போது, அந்த நாலாவது காலை யாரோ மறந்துவிட்டுப்போன சாமானைத் தரையில் வைப்பதுபோல வைத்தது. எடுத்தது. திரும்ப வைத்தது. இந்த முறை எடுக்கவில்லை.

அவர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்க்ரூவை இருந்த இடத்திலேயே முடுக்கினார்.

சாயங்காலம் வலையைத் திறக்கும்போது மனைவி நிறுத்தினாள். “இந்த ஸ்க்ரூ இவ்வளவு டைட்டா நான் போடலையே.”

“ஊனுச்சு.”

“எதை?”

“அந்தக் காலை. நான் தொடலை. சத்தியமாத் தொடலை. அதுவா ஊனுச்சு.”

அவள் குனிந்து குட்டியின் காலைப் பார்த்தாள். மறுநாள் ஸ்க்ரூடிரைவர் டிவி மேலேயே இருந்தது.

மாசக் கடைசியில் ஆட்டு வாசனையோடு ஜீப்பிலிருந்து இறங்கிய டாக்டரம்மா, குட்டியைப் புரட்டித் தொடையைத் தடவிப் பார்த்தார்.

“கோணலாத்தான் கூடியிருக்கு. ஆனா நல்லாக் கூடிடுச்சு. இனிமே வெளியே விடலாம்.”

“அந்தக் கோணலை மட்டும் லேசா...”

“டாக்டர், இவருக்குப் பதில் சொல்லாதீங்க” என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்துக்கொண்டே வலையைத் தட்டிப் பார்த்தார். “இதைச் செஞ்சது யாரு? நல்ல வேலை.” கழட்டியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து மச்சான் வாய்க்கு வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டார்.

வெளியே விட்டதும் குட்டி ஒரு பக்கமாகத் தத்தித் தத்தி வீடு முழுக்கச் சுற்றியது. மச்சானின் ஸ்டூலுக்குத் தாவிக் கீழே விழுந்தது. கழட்டி எழுந்து ஓடப் பார்க்க, மனைவி முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இரண்டாவது தாவலில் ஏறிவிட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, இறங்கி வந்து வலையில்லாத டிவிக்குள் தானே போய்ச் சுருண்டுகொண்டது. கோணல் கால் மட்டும் ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். கை தானாகச் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைத் தடவியது.

“என்னங்க.”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லைன்னா தள்ளி உட்காருங்க. மறைக்குது.”