கொர்னேலியஸ் செய்யாத சத்தியம்

யார் குரலைக் கேட்டாலும் இரண்டே நாளில் பேசிக் காட்டிவிடுவேன். தினமும் பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர், சுண்டல்காரர், பங்காருப்பேட்டை ஸ்டேஷன் அறிவிப்புப் பெண் என்று எல்லோரும் என் தொண்டையில் குடியிருக்கிறார்கள். கொர்னேலியஸ் அண்ணன் மட்டும் பிடிபட ஒரு வருடம் ஆனது. அவருடைய அடித்தொண்டை கஷ்டமில்லை. பேசுவதற்கு முன்னால் விடுவாரே ஓர் இடைவெளி, அதுதான் கஷ்டம்.

"சாப்டியாண்ணா?" என்று கேட்டால் யோசிப்பார். அப்புறம், "அரை வயிறு" என்பார். அந்தக் கேள்விக்கு வேறு யாரும் உண்மையான பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், தொழிலாளர்களுக்கான ஒரு லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட். சுரங்கம் மூடியபோது அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவின் வேலை மகனுக்கு வரும் என்று நம்பியிருந்த வீடு. அதன்பின் சுண்ணாம்பு அடித்தார், பெட்ரோல் பங்க்கில் நின்றார், கடைசியில் ஒயிட்ஃபீல்டில் ஒரு மருந்து குடோனுக்கு வந்து சேர்ந்தார். பதினான்கு வருடமாக விலை உயர்ந்த மருந்துகள் இருக்கும் குளிர் அறையின் சாவி அவரிடம்தான். அவர் திறந்து எடுத்துக் கொடுத்ததை யாரும் இரண்டாவது முறை சரிபார்ப்பதில்லை. சூப்பர்வைசர் ராஜப்பாவும் எங்கள் சுரங்கப் பக்கம்தான், மைசூர் மைன்ஸ்காரர். புது ஆட்களிடம், "கொர்னேலு சொல்ட்டா முடிஞ்சி போச்சி, என்கிட்ட வராதீங்க" என்பார். நான் அதே குடோனில் பெட்டி ஏற்றும் ஒப்பந்தக் கூலி.

அவரைக் கிண்டல் செய்யாத நாளே கிடையாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி பியூலா அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு, "எப்டி கீது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி நல்லா கீது" என்றாராம். மூன்று நாள் வெறும் ரசம். இரண்டு குரலிலும் அதை ரயிலில் நடித்துக் காட்டினேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அண்ணன்தான்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. கோரமண்டலில் ரயில் நின்றது, அண்ணன் பிளாட்பாரத்தில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அன்று பார்த்து மேலிடத்திலிருந்து குடோனைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

"டேய், நீ அவுரு கொரல்ல சாருக்கு போன் போட்றா" என்றார் பக்கத்தில் இருந்த மனோகர். பெங்களூரில் ஒரு ஆபீஸில் வேலை, வாயில் எப்போதும் ஒரு யோசனை. "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, லேட்டாவும்னு சொல்லு. யாருக்காச்சும் நஷ்டமா? அவுருக்கும் நல்லது, சாரும் டென்ஷன் ஆவமாட்டாரு."

"வேணாம் ரூபேஷு" என்று என்னைத் தடுத்தார் எதிர் சீட்டு ரெபேக்கா அக்கா. ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவர். "பொய்யின்னா பொய்தான். நாளைக்கு எல்லாரும் இப்டி போன் போட்டா யாரு பேச்ச யாரு நம்பறது?"

"சும்மா இரு அக்கா, நீ ஒருத்தி! ஒரு சின்ன பொய்."

"சின்ன பொய்யி, பெரிய பொய்யின்னு தராசு வச்சிக்கினா பொறந்த?"

இரண்டு பேரும் பாலாறு எக்ஸ்பிரஸ் வேகத்தில் மோதிக்கொண்டார்கள். நான் எதையும் எடைபோடவில்லை. எட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். உதவி செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பிறகு வந்தது.

மனோகரின் போனை வாங்கினேன். இடைவெளி விட்டேன். "சார்... கொர்னேலு. பக்கத்து வூட்டு போனு. அம்மாவுக்கு மயக்கம் சார், ஆஸ்பத்திரிக்கு இட்னு போறேன்." ராஜப்பா பதறினார். நான் உருகிப்போய் ஒரு வரி சேர்த்தேன்: "அம்மா மேல சத்தியமா, மதியத்துக்குள்ள வந்துர்றேன் சார்."

பெட்டியே கைதட்டியது. ரெபேக்கா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அண்ணன் வேர்த்து விறுவிறுக்க வந்தார். ராஜப்பா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். "அம்மா எப்டி கீறாங்க?"

அண்ணன் யோசித்தார். "நல்லா கீறாங்க சார். தோசை சுட்டுக் குடுத்தாங்க."

"காலைல மயக்கம்னு போன் பண்ணியே?"

நான் நான்கடி தள்ளிப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அவ்வளவு நீளமான இடைவெளியை அதற்கு முன் அவர் விட்டதில்லை.

"போன்ல சொன்னது பொய் சார். நா தூங்கிட்டேன்."

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டு வுட்டிருப்பனே கொர்னேலு" என்றார் ராஜப்பா. "அம்மா மேல சத்தியமான்னு நீ சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பதினாலு வருசத்துல நீ சத்தியம் பண்ணி நா கேட்டதே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் சத்தியம் செய்யமாட்டார். யார் மேலும், எதன் மேலும். ஒருமுறை ரயிலில் கேட்டபோது, "சத்தியம் பண்ணி சொல்றதுதான் நெஜம்னா, மத்ததெல்லாம் இன்னா?" என்று திருப்பிக் கேட்டவர். ஒரு வருடம் அவர் குரலைப் படித்த நான் அதைப் படிக்கவில்லை.

சாவி அன்றே வேறு கைக்குப் போனது. அண்ணன் என்னோடு பெட்டி ஏற்ற வந்தார். எப்போதும்போல என்னிடம் தண்ணீர் கேட்டார், எப்போதும்போல ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தார். அது திட்டுவதைவிட மோசம்.

மனோகர் எனக்காகக் கணக்குப் போட்டார். "அவுருக்கு சாவிதான் போச்சி, வேல இருக்குது. நீ வாயத் தெறந்தா ஒனக்கு வேலையே போவும். எது பெருசு?" ரெபேக்கா அக்கா ஒரே வரியில் முடித்தார்: "செஞ்சவன் சொல்லணும். அதுல கணக்கு இல்ல." அக்கா சொல்வதுதான் சரி என்று தெரிந்தது. ஆனால் எனக்கு வசதியான கணக்கு மனோகருடையது. ஒன்பது நாள் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். அந்த ஒன்பது நாளும் குளிர் அறையிலிருந்து வந்த பெட்டிகளை வாசலில் பிரித்து எண்ணினார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போவார்.

பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணா, ஏன் எம்பேரச் சொல்லல? எனக்கு வேல போவும்னா?"

"அதெல்லாம் யோசிக்கல."

"பின்ன? அடுத்தவன காட்டிக் குடுக்கறது தப்புன்னா?"

"அதும் இல்ல." இடைவெளி. "அங்க நின்னுக்கினு ஒன்னக் கைகாட்டற ஆளா என்னால இருக்க முடியல. அவ்ளோதான்." பிறகு, "நீயே சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். குத்திக் காட்டுகிற தொனி துளியும் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று அவர் ஒன்பது நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்; அந்த ஒன்பது நாளும் நான் அப்படிப்பட்டவனாக இல்லை.

ராஜப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "கொர்னேலு பாவம்னு நீ பரிஞ்சிக்கினு வந்தியாடா? போ, போய் வேலயப் பாரு." வேறு வழியில்லை. ஆட்கள் நடுவே நின்று இடைவெளி விட்டு, "சார்... கொர்னேலு" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் குரல் மாற்றிப் பேசி யாருமே சிரிக்காதது அன்றுதான். ராஜப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாசக் கடைசியோட நின்னுக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, புது ஆளிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் என்னைத் தேடி வந்தார். சாவி அவர் கையில் இருந்தது. நான் எழுந்து நின்று, "மன்னிச்சிருண்ணா" என்றேன்.

"அன்னிக்கி இன்னா பேசன? அதே மாரி பேசிக் காட்டு."

"வேணாண்ணா."

"நா கேக்கணும்."

பேசினேன். பக்கத்து வீட்டு போன், அம்மாவின் மயக்கம், அந்தச் சத்தியம், எதையும் விடாமல். கோயிலில் பாட்டுக்கு முன்னால் சுதி கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நா பொய் சொன்னா இப்டிதான் இருக்கும் போல" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "எங்கொரலுக்கு பொய்யி நல்லாவே வருது. அதான் பயமா கீது."