ஊசியைத் தூக்கிய கை

எக்ஸ்ரே அக்கா என்றால் அந்த மருத்துவமனையில் தெரியாதவர் இல்லை. இருபத்தாறு வருடமாக, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று வருகிறவர்களையெல்லாம் அடக்கி வைக்கிறவள். அவளை அடக்கத்தான் ஆளில்லை. அதுவும் பாட்டு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ப்ளூஸ், சோல், ரெகே என்று வெளிநாட்டுப் பாட்டு என்றால் அவளுக்குப் பித்து. படுக்கையறைச் சுவர் முழுக்கப் பழைய இசைத்தட்டுகள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், வீட்டில் ஏற்கெனவே நாற்பது பேர் பாடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னொருத்தருக்கு இடமில்லை என்பாள். ஞாயிறு மதியம் தங்கை வருவாள். திரைச்சீலை தைத்து விற்கிறவள். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற ரகம். இருவரும் கட்டிலில் சாய்ந்து பாட்டுக் கேட்பார்கள். கேட்பார்கள் என்று சொல்வதே தப்பு. பாட்டு பாதிகூடப் போயிருக்காது, அக்கா இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிடுவாள். பாடகி மூச்சு வாங்கிய இடத்தைக் கவனித்தாயா, ரெகேயில் பேஸ் கிட்டார்தான் பாட்டையே நடத்திக்கொண்டு போகிறது பார் என்று விளக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து வைப்பாள். மறுபடி தூக்குவாள். இப்படி வந்துபோன பதினோரு வருடத்தில் தங்கை அந்த அறையில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருப்பாளா, சந்தேகம்தான்.

ஒருநாள் மருத்துவமனைத் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இதை மட்டும் கடைசிவரை ஓடவிடலாமா என்று தங்கை மெதுவாகக் கேட்டாள். நியாயமான கேள்விதானே?

"முழுசா கேட்டா மட்டும் உனக்கு என்னடி புரிஞ்சிடப் போகுது?" என்றாள் அக்கா.

தோழிகள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

உடம்பு சரியில்லை என்றால் ஓடி வருவாள். பாட்டுக்கு மட்டும் வரமாட்டாள். கேட்டால் கடையில் வேலை என்பாள். பாட்டு அவளுக்குச் சலித்துவிட்டது என்று அக்கா தன் மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படியே இரண்டு வருடம் போயிற்று. தனியாகக் கேட்க அக்காவுக்குப் பிடிக்கவேயில்லை.

போன மாதம் முழங்கையை எக்ஸ்ரே எடுக்க வந்த தங்கை புருஷன், பேச்சுவாக்கில் உளறிவிட்டார். காலையில் கடை திறந்ததும் தங்கைக்கு முதல் வேலை பாட்டுதானாம். ரெகே ஓடும்போது அவர்கூட வாய் திறக்கக் கூடாதாம். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியானால் சலிக்கவில்லை! மன்னிப்புக் கேட்டு அவளை ஞாயிறுதோறும் மறுபடி வரவழைத்துவிடலாம் என்று மறுநாளே விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கடை வாசலிலேயே பாட்டுக் கேட்டது. அக்கா அவளுக்கு முதன்முதலில் போட்டுக் காட்டிய பாட்டு. தங்கை தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை அக்கா ஒருநாளும் பார்த்ததில்லை. செருப்புச் சத்தத்தில் தங்கை கண் திறந்தாள். அக்காவைக் கண்டதும் சட்டென்று கை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"அன்னைக்கு அப்படிச் சொன்னது என் தப்புதான்டி," என்றாள் அக்கா. "இனிமே வாயே திறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வாடி."

தங்கைக்குக் கோபமே இல்லை. அதுதான் கொடுமை. நாற்காலியை இழுத்துப் போட்டாள், தேநீர் வரவழைத்தாள், அப்புறம்தான் பேசினாள்.

"நீ பேசாம இருப்பேக்கா, தெரியும். ஆனா நீ பக்கத்துல இருந்தாலே, இப்ப என்ன சொல்லப் போறியோன்னுதான் என் காது காத்துக்கிட்டு இருக்கு. பாட்டு எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."

அக்கா தேநீரைக் குடித்தாள். புதுத் துணிகள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நாலு கடை தாண்டுவதற்குள் பின்னால் பாட்டு மறுபடி தொடங்கியது. இங்கேயே நின்று முழுசாகக் கேட்டுவிட்டுப் போகலாமா என்று ஆசையாக இருந்தது. தங்கை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாளே என்று வேகமாக நடந்தாள்.