ஒரு நூல் கொசுறு

போன சனிக்கிழமை மிளகாய் அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் பொறியியல் பணி அதுதான். வரிசையில் நின்றவர்கள் நெடியில் தும்மிக்கொண்டிருக்க, நான் மட்டும் மூக்கை நீட்டி வேறொன்றை மோந்துகொண்டிருந்தேன். மிஷினின் பெல்ட் வழுக்கிச் சூடேறும் ரப்பர் வாசனை. மல்லிகை வாசனையில் உங்களுக்கு யார் யாரோ நினைவுக்கு வரலாம். சூடான பெல்ட் வாசனையில் எனக்குத் தமயந்தி அக்கா நினைவுக்கு வருகிறார். இதைப் படித்தால் உதைப்பார்.

அக்காவுக்குச் சூலூரில் கோழித்தீவன மில். அவரிடம் ஒரு வெள்ளை ஜப்பான் கார் இருந்தது. நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில், கார் இன்ஜின்களின் திறனைக் கூட்டிக் கொடுக்கும் தொழில் தொடங்கியிருந்தேன். கொட்டகையில் நானும் ஒரு லேப்டாப்பும்தான். இருவரில் லேப்டாப் கொஞ்சம் புத்திசாலி.

"ஒரு லாரிய முந்தறதுக்குள்ள எதுத்தாப்ல பஸ் வந்துருதுங் தம்பி. கொஞ்சம் பலமாக்கிக் குடுங்க" என்றார் அக்கா. சூப்பர்சார்ஜர் மாட்டலாம் என்றேன்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இன்ஜின் எவ்வளவு மூச்சு இழுக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்கும். அதன் வாயில் காற்றை அமுக்கித் திணித்தால் கூடுதலாக எரிக்கும், கூடுதல் குதிரைத்திறன், எங்கள் பாஷையில் கூடுதல் குதிரைகள், கிடைக்கும். அப்படித் திணிக்கிற பெட்டிதான் சூப்பர்சார்ஜர். அதை இன்ஜினே ஒரு பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. பெட்டியின் முகப்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி சிறிதாக ஆக, பெட்டி வேகமாகச் சுற்றும், காற்றழுத்தம் ஏறும்.

பெட்டி மட்டும் ஒரு பழைய வெளிநாட்டு வண்டியில் கழற்றியது. மற்றதெல்லாம் நம்ம ஊர். பெட்டியைத் தாங்கும் பிராக்கெட்டைப் பீளமேட்டில் வார்த்தோம். புல்லியைக் கோட்டைமேட்டில் நசீர் பாய் லேத்தில் கடைந்தார். அவருக்கும் என் வயதுதான். கழுதையைக் குதிரை என்று கூப்பிடும் தொனியில் என்னை 'இஞ்சினியர்' என்று கூப்பிடுவார்.

அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். "பெங்களூர்ல உருளை மேல வண்டிய ஓட்டி அளக்கறாங்களாமா. நூத்தி அறுவது குதிரை காட்டுச்சுன்னா உங்க பெட்டி என்ற வண்டில இருக்கட்டும். காட்டலீன்னா வண்டிய அங்கயே ஒரு ஒர்க்‌ஷாப்புல உட்டுப்போட்டு, பெட்டியக் கழட்டி உங்க மடியில வெச்சு பஸ் ஏத்தி உட்டுருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சூலூர் முழுக்க விஷயம் பரவியிருந்தது. பெட்டி பஸ்ஸில் திரும்பி வந்தால், அப்புறம் என் கொட்டகைக்கு மழைக்கு ஒதுங்கக்கூட ஒரு கார் வராது.

முதல் புல்லியில் அழுத்தம் ஆறு பவுண்டு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஆசை விடவில்லை. பாய்க்குப் போன் போட்டு, ஒரு நூல் சின்னதாக இன்னொன்று வேண்டும் என்றேன். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; எங்கள் லேத்துக்காரர்களின் வாய்க்கணக்கு. ஏழு பவுண்டை எதிர்பார்த்துப் புதுப் புல்லியை மாட்டினேன். அழுத்தமானியின் முள் எட்டைத் தாண்டி நின்றது. அறிவுள்ளவன் உடனே புல்லியை அளந்து பார்த்திருப்பான். நானோ எல்லாம் என் டியூனிங்கின் மகிமை என்று நினைத்து, எனக்கு நானே ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பெங்களூரில் உருளை மேடைக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"எங்க பண்ணது சார் இது?"

"கோயம்புத்தூருங்க."

"அங்க தண்ணி பம்புதானே பண்ணுவாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "ஆமாங்க. இதும் பம்புதானுங்க. தண்ணிக்குப் பதிலா காத்த அமுக்குது. நீங்க அளந்து சொல்லுங்க."

முதல் ஓட்டம். திரையில் கோடு மருதமலைப் படி மாதிரி விறுவிறுவென்று ஏறி, பாதியில் மூச்சு வாங்கி, சரிந்துவிட்டது. அறையெல்லாம் ரப்பர் வாசனை. நூற்று நாற்பத்தொன்பது.

"ஏனுங் தம்பி, பாக்கி குதிரைய ஓசூர்ல மேய உட்டுட்டு வந்துட்டீங்களா?"

லேப்டாப்பைப் பார்த்தேன். அளவுக்கு மேல் அமுக்கிய காற்று கொதித்துப் போயிருந்தது. அந்தச் சூட்டில் பெட்ரோல் நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்க, இன்ஜினின் கம்ப்யூட்டர் உயிர் பிழைத்தால் போதுமென்று தீப்பொறியைத் தள்ளிப்போட்டிருந்தது. குதிரைகள் ஓடியது அங்கேதான். போதாததற்குச் சின்னப் புல்லியில் பெல்ட் வேறு வழுக்கல். மேடைக்காரரிடம் வெர்னியர் வாங்கிப் புல்லியை அளந்தேன். பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், எத்தன கொறச்சீங்க?"

"நீங்க ஒரு நூல் கேட்டீங்க. ரெண்டு நூல் கொறச்சுப்போட்டேனுங்க."

"எதுக்குங்க?"

"பெங்களூர் போற வண்டி. கேட்டத மட்டும் குடுத்தா நல்லாவா இருக்கும், இஞ்சினியர்?"

கால் கிலோ கத்தரிக்காய்க்குக் கைப்பிடி கொத்தமல்லி சேர்த்துப் போடுகிற ஊர். விருந்தாளி போதும் போதும் என்று இலையை மறைத்தால் விரலிடுக்கில் ஊற்றுகிற ஊர். பாய் இன்ஜினையும் அப்படித்தான் உபசரித்திருக்கிறார். திட்டவும் வாயில்லை. முள் எட்டைத் தாண்டியபோது பன் தின்றது நான்தானே.

டிக்கியில் பழைய புல்லி இருந்தது. அதை எடுத்தேன்.

"காத்தக் கொறச்சா குதிரை கூடுமாங்க?" என்றார் அக்கா.

"கூடுமுங்கக்கா" என்றேன். ஸ்பேனரைத் தேடிப் பழைய புல்லியை மாட்டினேன்.

மறுபடி ஆறு பவுண்டு. காற்று ஆறியிருந்தது, பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடிக்கும் தட்டல் சத்தம் இல்லை. துணிந்து தீப்பொறியை ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டுவந்தேன். பெட்ரோலை ஒரு சிட்டிகை குறைத்தேன். மூன்றாவது ஓட்டத்தில் கோடு எங்கும் சரியாமல் மேலேயே போனது. நூற்று அறுபத்து மூன்று.

மேடைக்காரர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து பிராக்கெட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இது எங்க வார்த்தது சார்?" என்றார். பீளமேடு என்று நான் சொன்ன கம்பீரத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அக்கா, "எழுதிக்குங்க" என்றார். சேலம் வரும்வரை அந்த அச்சிட்ட தாளை மடியிலேயே வைத்திருந்தேன், பெட்டி இருந்திருக்க வேண்டிய மடியில்.

அந்த வெள்ளைக் கார் இப்போது இல்லை. வேகம் ஏற ஏற அது ஊளையிடும் ஒலியும் மேட்டுப்பாளையம் ரோட்டில் இல்லை. அக்கா மின்சாரக் கார் வாங்கிவிட்டார். "வேகமெல்லாம் இருக்குதுங் தம்பி. ஆனா கோழிகூடத் திரும்பிப் பாக்க மாட்டீங்குது" என்கிறார். நசீர் பாய் கம்ப்யூட்டர் லேத் வைத்திருக்கிறார். வரைபடத்தில் உள்ளதற்கு மயிரிழை கூடவும் வராது, குறையவும் வராது. "மிஷினுக்கு மரியாத தெரியாதுங்க" என்று குறைப்படுகிறார்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு இளைஞன் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான், இன்ஜினைச் சரிபார்த்து டியூன் செய்ய. எங்கே வார்ப்பீர்கள், யார் கடைவார்கள் என்று கேட்பான் என்று தொண்டையைச் செருமித் தயாராக நின்றேன். அவன் சாவியை என் கையில் வைத்துவிட்டு, மருதமலைக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டான்.