தங்காக்கில் மட்டும் நிற்கும் கார்

சென்ற மாதம் என் பழைய காரில் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நிறுத்தினால் வண்டி குலுங்கி அணைந்துபோகும். ஜோகூர் பாருவில் நான் வழக்கமாகப் போகும் பட்டறை இளைஞர் ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். உள்ளே கரி அப்பி, மூட வேண்டிய வாய் மூடாமல் கிடந்தது.

"ஈ.ஜி.ஆர் அங்கிள். எரிஞ்ச புகை திரும்ப எஞ்சினுக்குள்ள போற வழி. இது மூடலன்னா, நின்ன இடத்துல செத்துரும்."

எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் சிகாமட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அரசாங்க வேலைக்காக இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு ஸ்டேஷனில் வேலை. ரயில் இருக்கும்போது மனிதனுக்குக் கார் எதற்கு என்பது அவர் கட்சி. அதனால் காரை வாங்கியதும் ஓட்டியதும் வங்கியில் கிளார்க்காக இருந்த அக்காதான். ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட வண்டி அது. தங்கள் ஊர்க் காற்றைக் காப்பாற்ற ஜப்பான்காரர்கள் அதில் மேற்படி வால்வை வைத்து அனுப்பியிருந்தார்கள். சிகாமட்டில் யாருக்கும் அப்படியொன்று இருப்பதே தெரியாது.

ஓடும்போது கார் நன்றாக ஓடும். சூடேறியபின் நிறுத்தினால்தான் இருமத் தொடங்கும். அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, வலது காலால் பெட்ரோலை மெல்ல மிதித்துக்கொண்டே இருப்பாள். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய் முடியும்வரைகூட எஞ்சினைச் சாகவிடாமல் வைத்திருப்பாள். பின்சீட்டிலிருந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வகுப்பில் யாருடைய அக்காவுக்கும் அந்த வித்தை தெரியாது.

அந்த வித்தை தங்காக்கில் மட்டும் பலிக்காது. அம்மா வீட்டில் தையல் வேலை செய்தார். துணி வாங்க ஞாயிற்றுக்கிழமைகளில் தங்காக் போவோம். அங்கே துணிக்கடைத் தெருவில், ஒரு பேட்டரிக் கடைக்கு எதிரே வந்ததும் கார் ஒருமுறை சிலிர்த்து நின்றுவிடும்.

"என்ன பிள்ளை, திரும்பவும் நிண்டுட்டுதோ?" என்பார் அம்மா.

"சூடு ஏறிட்டுது அம்மா."

பேட்டரிக் கடையில் வேலை செய்த அண்ணன் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வருவார்.

"என்ன மிஸ், அடம் பிடிக்குதா? எறங்கு தம்பி, தள்ளலாம். காலையில சோறு சாப்பிட்டியா இல்லியா? கையில பலமே காணோம் லா."

ஓரமாகத் தள்ளியதும் பானெட்டைத் திறந்து, ஸ்பானர் பிடியால் எதையோ இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு, "கொஞ்ச நேரம் ஆறட்டும் மிஸ். அவசரப்பட்டா கோவிச்சுக்கும்," என்பார்.

"உங்கட கடையைக் கண்டாத்தான் இதுக்குக் கோபம் வருது."

"கோபமா? நான் பாசம்னுல்ல நெனச்சேன்."

அம்மா துணிக்கடைக்குள் போய்விடுவார். எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்கிறவர், அந்தக் கடையில் மட்டும் கட்டுக்கட்டாகப் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கையில் சில்லறை கொடுத்து மூலைக் கடையில் சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் காச்சாங் சாப்பிட்டு வரச் சொல்வார் அந்த அண்ணன். நான் நாக்குச் சிவக்கத் திரும்பி வரும்போது கார் ஆறியிருக்கும். அக்கா சாவியைத் திருப்பிய உடனே எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, என் வகுப்புப் பையன் ஒருவன் நான் காரைத் தள்ளுவதைப் பார்க்கும்வரை. மறுநாளிலிருந்து பள்ளியில் என் பெயர் தள்ளுவண்டி. கழிவறைக்குப் போகும்போதுகூட முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பள்ளி விடுமுறையில் கெலாங் பாத்தாவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, லாரிப் பட்டறையில் மெக்கானிக். மதியச் சாப்பாட்டின்போது, எல்லோரும் இருக்க, நான் அவரிடம் முறையிட்டேன்.

"மாமா, எங்கட காரைத் திருத்தித் தாங்கோ. என்னால இனித் தள்ள ஏலாது."

"எப்ப நிக்குது மருமோன்?"

நான் கவனித்தவன் என்பதைக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

"கேட்டில நிக்காது. சிவப்பு விளக்கில நிக்காது. தங்காக்கில, பேட்டரிக் கடைக்கு முன்னால மட்டும்தான் நிக்கும். அக்கா காலை எடுத்த உடனே நிண்டுடும்."

அம்மா என் தட்டில் கேட்காமலே சோறு போட்டார். அக்கா நிமிரவில்லை.

"பேட்டரிக் கடையில ஆர்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு அண்ணன். நல்லவர். எனக்கு ஐஸ் காச்சாங் வாங்கித் தருவார்."

"எந்த ஊர்?"

"ரப்பர்த் தோட்டத்தில பிறந்தவராம். தகப்பன் இப்பவும் பால் வெட்டுறாராம்."

தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களைவிட, அரசாங்க வேலைக்கு வந்த நாங்கள் ஒரு படி மேல் என்ற நினைப்பு எங்கள் வீடுகளில் இருந்தது. யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படிக்கும் எங்கள் காருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியவில்லை.

அப்பா சோற்றைப் பிசைந்து முடித்தார். "மச்சான், அதை இண்டைக்கே பார்த்துவிடும்," என்றார்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் மாமா பானெட்டைத் திறந்துவிட்டார். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"வேண்டாம் மாமா. இதில ஒண்டைத் தொட்டால் வேற ஒண்டு பழுதாப் போகும்."

"நீ போ பிள்ளை. கரி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

வால்வைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, கரியைச் சுரண்டி எடுத்தார். அது திரும்ப ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எங்கள் ஊர்ப் பட்டறைகளின் வைத்தியத்தையும் சேர்த்துச் செய்தார். காலி மைலோ டின்னிலிருந்து ஒரு தகட்டை வெட்டி, புகை வரும் வழியையே அடைத்து முறுக்கிவிட்டார். தகட்டுக்கு அளவு பிடித்துக் கொடுத்தவன் நான். எஞ்சின் தையல் இயந்திரம் போலச் சீராக ஓடியது. மேட்டில் ஏறும்போது மட்டும் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு அப்பா டியூட்டியை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்தார். அவர் அந்தக் காரில் ஏறியது அதுவே முதல் தடவை. முன்சீட்டில், மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துணிக்கடைத் தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. பேட்டரிக் கடைக்கு நேர் எதிரே நாங்கள் நிற்க வேண்டியதாயிற்று. அக்காவின் காலைப் பார்த்தேன். பெட்ரோல் மிதியின்மேல் இல்லை. எஞ்சின் அணையவும் இல்லை.

அந்த அண்ணன் கையில் துணியோடு கடை முன்னிருந்த ஐந்தடிப் பாதையிலிருந்து இறங்கி வந்தார். பாதிவழியில் அப்பாவைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். அக்கா லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினேன். "அண்ணே, கார் சரியாயிட்டுது. இனித் தள்ளத் தேவையில்லை."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியா தம்பி? நல்லது," என்றார்.

லாரி விலகியது. நாங்களும் நகர்ந்தோம். தெருமுனை தாண்டியதும் அப்பா சொன்னார்: "இனித் துணியைச் சிகாமட்டிலேயே பார்ப்பம்."

அப்படியே பார்த்தோம். அக்கா பின்னர் அப்பா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். இப்போது பெர்த்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். வாரம் தவறாமல் பேசுகிறோம். உடம்பைப் பற்றி, மழையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசுவோம். அந்தக் காரைப் பற்றிய பேச்சை நானும் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை. நான் செய்தது தவறு என்று எனக்குப் புரிந்தபோது, மன்னிப்புக் கேட்டால் அவள் வாழ்ந்த வாழ்க்கையையே குறை சொன்னதாகிவிடும் என்கிற வயதுக்கு இருவரும் வந்துவிட்டிருந்தோம்.

கடைசியாகத் தங்காக்கிலிருந்து திரும்பிய அன்று மாலை, வீட்டுக்குப் பின்னால் அக்கா பானெட்டைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. தகட்டை முறுக்கிய நட்டுக்குச் சேராத அளவு. மாமாவின் வேலையைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து ஓடினேன். எந்த வழியாகப் புகை வந்தது, தகடு எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இந்தத் தகட்டை எடுத்துவிட்டால் திரும்பவும் நிக்குமோ?"

கார் மறுபடி பழுதாகிவிடுமோ என்று பயப்படுகிறவள் போலத்தான் அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

"இல்லை அக்கா. வால்வையும் மாமா நல்லாக் கழுவிட்டார். பயப்படாதேங்கோ, இனி ஒருநாளும் நிக்காது."

அவள் ஸ்பானரைப் பிடித்தபடியே தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை போலும் என்று நினைத்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அதை இன்னொரு முறையும் சொன்னேன்.