ரோசம்மா இடித்த சுவர்

போன வாரம், எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பிளானை என் மேஜை மேல் விரித்தாள். பெங்களூருக்கு வெளியே கட்டப்போகும் வீடு. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வளைவு வளைவாக வாசல்கள், நடுவில் முற்றம்.

"மெடிட்டரேனியன் ஸ்டைல், மேடம்! கூடவே நம்ம ஊர் டச்சும் இருக்கு. இந்த மிக்ஸ் இதுவரைக்கும் யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் முகம் சுருங்கிப்போனது.

"பிளான் நல்லா இருக்கும்மா. நான் பொறந்து வளந்ததே இப்படி ஒரு வீட்லதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள்... கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் தாண்டி, ஒரு மேட்டு நிலத்தில் இத்தாலி வீடா?

இந்தப் பக்கத்தில் ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் பற்றிப் பேசியிருக்கிறேன். என் வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்பா சொன்னபடியே சொல்கிறேன். அவர் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம் — எங்கள் குடும்ப வழக்கம் அது.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகள். சுரங்கங்கள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்த காலம். என் கொள்ளுத்தாத்தா சின்னசாமி, குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் மேஸ்திரி. என்ஜின் ரூம், புகைபோக்கி, துரைமார் பங்களா என்று சுரங்கத்துக்கு மேலே எதைக் கட்டினாலும் அவர் கை இருக்கும். அவர் மனைவி குப்பம்மா. குப்பம்மாவின் தம்பி சுரங்கத்துக்குள்ளே வேலை செய்தான் — பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற கூட்டத்தில்.

அந்தக் கூட்டத்துக்கு ஃபோர்மேன் ஒரு இத்தாலிக்காரர். பெயர் ஜோவான்னி. நம் ஆட்கள் வாயில் அது எப்படி நுழையும்? ஜானி தொரை ஆக்கிவிட்டார்கள்.

பெயரில்தான் தொரை. இங்கிலீஷ்காரர்கள் அவரைத் தங்கள் கிளப்புக்குள் சேர்க்கவில்லை, பங்களாவும் கொடுக்கவில்லை. ஒரு தகரக் கொட்டகையில் தனியாக இருந்தார். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றால் வீடு வேண்டும்.

சின்னசாமியிடம் கம்பெனி எல்லைக்கு வெளியே ஒரு துண்டு மேட்டு நிலம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு குடிசை போட்டு அவரும் குப்பம்மாவும் இருந்தார்கள். மீதி இடம் சும்மா கிடந்தது. இருவரும் பேசி முடித்தார்கள்: அங்கே ஜானி தொரை வீடு கட்டிக்கொள்வார், ஊருக்குத் திரும்பும்போது வீடு சின்னசாமிக்கு. எல்லாம் வாய் வார்த்தைதான்.

கருங்கல் குவியல் மேல் உட்கார்ந்து ஜானி தொரை குச்சியால் மண்ணில் கோடு போட்டார். சுரங்கத்துக்குள் கற்ற தமிழில் விளக்கினார். அவர் பிறந்தது கடலோரக் கிராமம். நல்ல வெயில். அதனால் வீட்டுக்கு வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. கனமான கல் சுவர், சுண்ணாம்பு வெள்ளை. நடுவில் திறந்த இடம். அதன் மூன்று பக்கமும் அறைகள், நாலாவது பக்கம் வெறும் சுவர். மேலே தட்டையான தளம். முற்றத்தில் திராட்சைப் பந்தல்.

சின்னசாமிக்கு ஒரே ஆச்சரியம்.

"இன்னா தொரை, மித்தம் வெச்ச ஊடா? எங்கூர்ல நான் கட்டினதெல்லாம் இப்படித்தான் கீது! உங்க ஊருக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"உங்க ஊருக்கு யாரு?" என்றாராம் ஜானி தொரை.

அன்று தொடங்கியது அந்தக் கூட்டணி. ஷிப்ட் முடிந்ததும் இருவரும் மேட்டுக்கு வந்துவிடுவார்கள். தொரை, வாசலுக்கு வளைவு வைக்கச் சொன்னார். மேஸ்திரி கல்லைச் செதுக்கி வைத்தார். மேஸ்திரி, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சுண்ணாம்பில் சேரணும் என்றார். தொரை, 'சுவருக்கு இனிப்பா!' என்று சிரித்துவிட்டு, வெல்லத்தை ஒரு கட்டி வாயில் போட்டுக்கொண்டார். தளத்துக்கு மரச் சட்டம் போட்டு, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் கலவை கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். திராட்சைக் கொடி பெங்களூரிலிருந்து வந்தது.

வெளிச் சுவரில் ஜன்னல் இல்லாதது இங்கே இன்னும் வசதி. தங்கப் பாறையை அரைக்கிற மில்லிலிருந்து பறந்து வரும் வெள்ளைத் தூசி உள்ளே வராது. காற்று அடிக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஒரே ஒரு வாசலோடு வீடு எழும்பியது. இரண்டு ஆண்களும் தினமும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார்கள். தாங்கள் விட்டுவந்த ஊர் இங்கே மறுபடி முளைத்துவிட்ட மாதிரி!

அந்தப் பெருமையைப் பார்த்திருக்க வேண்டும் என்பார் அப்பா. அவரும் பார்த்ததில்லை.

ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. இடுப்பில் குழந்தையோடு, ஒரு பெரிய பெட்டியோடு, ஜானி தொரையின் மனைவி இறங்கினாள். பெயர் ரோசா. ஊரார் ரோசம்மா ஆக்கினார்கள். பெயருக்கு ஏற்ற ரோஷம் உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

வண்டி மேட்டில் ஏறி வீட்டு முன்னால் நின்றது. ரோசம்மா உள்ளே போனாள். முற்றத்தின் நடுவில் நின்றாள். சுற்றிப் பார்த்தாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டி மேல் உட்கார்ந்து 'ஓ'வென்று அழுதாள்.

ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஜானி தொரையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவள் கத்த ஆரம்பித்தாள்.

வாசலில் நின்ற சின்னசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா சொல்றாங்க தொரை?"

ஜானி தொரை தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். "'இந்த ஊட்லேருந்து தப்பிக்கத்தான் உன்னைக் கட்டிக்கினேன். கடலு தாண்டி வந்தா, அதே ஊட்டை இங்க கட்டி வெச்சிக்கீறியே'ன்னு சொல்றா."

பாருங்கள். அவருக்கு அந்த வீடு, விளையாடிவிட்டு ஓடிவந்து சாப்பிட்ட இடம். அவளுக்கு? வாசலைத் தாண்ட அனுமதியில்லாமல் வளர்ந்த இடம். முற்றத்துக்கு மேலே தெரிகிற சதுர வானம்தான் அவள் பார்த்த உலகம். இருவருக்கும் ஒரே கிராமம்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. தொரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார், வந்தார். மேஸ்திரிக்கும் வருத்தம். ஆசையாகக் கட்டிய வீடாயிற்றே!

குப்பம்மாதான் ஒருநாள் ஒரு முறம் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முற்றத்தில் ரோசம்மா ஆட்டுக்கல் மேல் ஏறி, குதிகாலை உயர்த்தி, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். எட்டவில்லை. குப்பம்மாவைப் பார்த்ததும், காற்றில் விரலால் பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

குப்பம்மாவுக்குப் பாஷை தேவைப்படவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட். அதற்கு மேலே எழும்பிய சாரத்தின் உச்சியில் சக்கரம். சக்கரம் சுற்றினால் ஆட்களை ஏற்றுகிற கேஜ் — இரும்புக் கூண்டு — ஏறி இறங்குகிறது, ஆள் வருகிறான். சக்கரம் நின்றால்...? ஷிப்ட் விடும் நேரத்தில் தம்பிக்காகக் குப்பம்மாவே தினமும் மேட்டு விளிம்புக்குப் போய் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, ஆம்பளைங்க ரெண்டு பேரும் சேந்து வானத்தப் பாக்க ஊடு கட்டினீங்களே... வழியப் பாக்க ஒரு ஜன்னல் வெக்கத் தோணலியா?"

"அந்தப் பக்கம் தூசி அடிக்கும்மே. சொவுரு கெட்டுப்பூடும்" என்றார் சின்னசாமி.

ஜானி தொரையும் அதையே சொன்னார். பேச்சு முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆண்கள் வேலைக்குப் போனதும் ரோசம்மா கடப்பாரையை எடுத்தாள். குழந்தையைக் குப்பம்மா இடுப்பில் கொடுத்துவிட்டு, சுவரில் ஓங்கி ஒரு குத்து. வெல்லமும் கடுக்காயும் போட்ட சுவர் — லேசில் விடுமா? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குப்பம்மா குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, "தள்ளு" என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டாள். மேஸ்திரி பெண்டாட்டி அல்லவா? கல்லை எங்கே நெம்பினால் விடும் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் சின்னசாமி வந்து பார்த்தார். சுவரில் ஒரு பெரிய ஓட்டை. தரையெல்லாம் கல். ஓட்டை வழியாக ஷாஃப்ட் சக்கரம் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பெண்கள், தலையெல்லாம் சுண்ணாம்பு.

"தொரை வந்து இன்னா சொல்லப்போறாரோ..." என்று முனகினார்.

ஜானி தொரை வந்தார். ஓட்டையின் மேல் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "மேல வளைவு வைக்கணும். இல்லன்னா எறங்கிடும்" என்றார். அவ்வளவுதான். அவரிடமிருந்து வந்த மன்னிப்பு அது. அதன்பின் அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது.

தூசி வந்ததா? வந்தது. அதைப் பெருக்கியது யார் என்று கேட்காதீர்கள்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், தரை குலுங்கியது. சாம்பியன் ரீப்ஸ்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை — ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறுகிற ராக் பர்ஸ்ட். அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. ரோசம்மா ஜன்னலுக்கு ஓடினாள். குடிசையிலிருந்து குப்பம்மாவும் ஓடிவந்தாள்.

சக்கரம் நின்றிருந்தது.

இரண்டு பேரும் ஒரே ஜன்னலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டாள், ஒருத்தி மாரியம்மாவை. வெயில் சாய்கிறவரை சக்கரம் அசையவில்லை. பிறகு மெள்ள, மிக மெள்ள, சுற்ற ஆரம்பித்தது.

சரிவில் ஒரு சின்னக் கூட்டம் வந்தது. எல்லாரும் தூசியில் வெளுத்துக் கிடந்தார்கள். யார் வெள்ளைக்காரன், யார் நம்மாள் என்றே தெரியவில்லை. ஒருவன் இன்னொருவனை முதுகில் சுமந்துகொண்டிருந்தான்.

ரோசம்மா வாசலுக்கு ஓடவில்லை. வாசல் அந்தப் பக்கம் அல்லவா? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜன்னல் வழியாகவே குதித்தாள். பின்னாலேயே குப்பம்மாவும்.

சுமந்து வந்தவன் குப்பம்மாவின் தம்பி. முதுகில் ஜானி தொரை, கால் நசுங்கி, ஆனால் உயிரோடு. அந்தக் கூட்டத்தில் வேறு சிலர் அன்றைக்கு மேலே வரவில்லை. அந்த வீடுகளில் அன்றைய இரவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

ஜானி தொரை அதன்பின் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. கோல் ஊன்றித்தான் நடந்தார். அவரால் முடிகிற வேலையாகப் பார்த்துச் சில வருடம் ஓட்டினார்கள். பிறகு ஊருக்கே திரும்ப முடிவு செய்தார்கள். சொன்னது சொன்னபடி வீடு எங்களுக்கு வந்தது.

அந்த வளைவு ஜன்னலில் உட்கார்ந்துதான் நான் ஸ்கூல் பாடம் படித்தேன். படிப்பை முடித்து, எத்தனையோ பேருக்கு வீடு வரைந்துகொடுத்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீடு கட்ட வருகிறவர்கள் எல்லாரும் ஒரு ஞாபகத்தோடுதான் வருகிறார்கள். அந்த வீட்டில் இருக்கப்போகிற இன்னொருவருக்கும் ஒரு ஞாபகம் இருக்கும். அதையும் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுப்பது நல்லது. நான் எப்போதும் கேட்டேனா என்றால்... விடுங்கள்.

அவர்கள் கிளம்பிய நாளில் குப்பம்மா ஊரிகம் ஸ்டேஷன்வரை போனாள். அதற்குள் ரோசம்மாவுக்குத் தமிழ் சரளமாக வரும் — நம்ம வட ஆற்காட்டுத் தமிழ். ரயிலில் ஏறி, குப்பம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"போய்ட்டு வரேன், குப்பு."

"வா" என்றாள் குப்பம்மா.

வர மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனாலென்ன? 'போகிறேன்' என்று மட்டும் சொல்ல நம் தமிழில் யாருக்குத்தான் வாய் வரும்?