வெள்ளைத் துணி சோதனை

கேளம்பாக்கத்தில் அக்கம்பக்கத்தார் எனக்கு விமானத்தில் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் மாமல்லபுரம் பக்கமுள்ள எங்கள் பட்டறைக்கு விமானம் வராது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளிலிருந்து சின்ன எஞ்சின்கள் லாரியில் வரும். அவற்றைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, பூட்டி அனுப்புவோம். கழுவுவது என் வேலை.

பாத்திரம் துலக்குவது போல் அதைச் செய்ய முடியாது. பிஸ்டன் அலுமினியம். கரி எவ்வளவு கெட்டியாக அப்பியிருந்தாலும் கம்பி பிரஷ் போடக் கூடாது. கீறல் விழும், அழுக்கு அதில் போய் உட்காரும். ஊறவைத்துப் பொறுமையாகத்தான் சுரண்ட வேண்டும். கழுவிய எஃகுப் பாகத்துக்கு உடனே எண்ணெய் பூச வேண்டும், எங்கள் கடல்காற்று சும்மா விடாது. கடைசியில் சோதனை அதிகாரி வருவார். எண்ணெய் ஓடும் துளையில் வெள்ளைத் துணியை நுழைத்து இழுத்து, ஜன்னலோரம் போய்ப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் "சரி". இல்லையென்றால் "மறுபடியும்". மூன்றாவது வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் வீட்டில் அவரை நடித்துக் காட்டும்போது, நிறைமாதமாக இருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மகள் பிறந்ததும் மனைவி கருங்குழியில் தாய்வீட்டில் இருந்தாள். ஞாயிறுதோறும் ஆசையாசையாகப் போவேன். போய்க் கதவோரம் நிற்பேன். இந்த எஞ்சின்களுக்கு ஊற்றும் பெட்ரோலில் இன்னும் ஈயம் உண்டு, கரியிலும் அது இருக்கும். குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். கையுறை போட்டும் என் விரல் ரேகைகளில் கறுப்பு நின்றது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, எட்ட இருந்தே மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாவது ஞாயிறு மனைவி பொறுமை இழந்தாள்.

"இன்னாய்யா, சொந்தக்காரன் மாரி பாத்துட்டு பாத்துட்டு போற? பொண்ணா பொறந்துச்சுன்னு கசக்குதா?"

"அது இல்லடி. கையி கறுப்பா கீது. அந்தக் கரியில ஈயம் கீது. கொயந்த மேல பட்டுச்சுன்னா இன்னா ஆவும்?"

அவள் என் கைகளை வெடுக்கென்று இழுத்து விரித்துப் பார்த்தாள். தோல் முழுக்கக் கீறல். ஒவ்வொரு கீறலிலும் கறுப்புக் கோடு.

"இன்னாத்த போட்டுத் தேச்ச?"

"பாத்தரம் தேய்க்கிற கம்பி நாரு."

"பிஸ்டனுக்குப் போட மாட்ட, உன் கைக்குப் போடுவியா? கீறல்ல அயுக்கு குந்திகினு கீது பாரு!" என்றாள். வீட்டில் நான் அடிக்கடி சொல்லும் பட்டறைப் பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள். கோபத்தோடு தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து, விரல் விரலாகப் பூசினாள். அவ்வளவு மெதுவாக நான் எந்தப் பிஸ்டனையும் தொட்டதில்லை.

அதன்பிறகு கம்பி நாரைத் தூக்கிப் போட்டேன். பட்டறையில் கையுறைக்கு மேல் கையுறை, வீட்டில் எண்ணெய். காயம் ஆறியது, கறுப்பும் மெல்ல மெல்லக் கழன்றது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, கைகழுவி வந்த என்னை மனைவி நிறுத்தினாள். குழந்தைக்கென்று கிழித்து வைத்திருந்த வேட்டித் துண்டால் விரலிடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தாள். ஜன்னலோரம் போய், நான் நடித்துக் காட்டிய அதே விறைப்பான முகத்தோடு துணியைத் தூக்கிப் பிடித்தாள்.

"சரி" என்றாள்.

துணியை என் தோளில் போட்டு, மகளை அதன்மேல் சாய்த்தாள். தினமும் சிலிண்டர் தூக்குகிற கையை விரித்து, அந்தச் சின்ன முதுகைத் தாங்கிக்கொண்டேன். மகள் என் கழுத்தில் மூக்கை உரசினாள். பிறகு ஒரு வாய்ப் பாலைக் கக்கினாள்.

"மறுபடியும்" என்று சிரித்தபடி, கழுவிக்கொண்டு வரச் சொல்லி மனைவி கை நீட்டினாள்.

நான் குழந்தையைக் கொடுக்கவில்லை.