வெறுங்குப்பியில் எண்ணூற்றுப் பத்து

எண்ணூற்றுப் பத்து பிக்கோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம். கண்ணுக்கும் தெரியாது, தராசுக்கும் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருட வேலையில், அந்த ஆய்வகத்தின் 'பிளாங்க் அக்கா' இருபதைத் தாண்ட விட்டதே இல்லை.

பிளாங்க் என்றால் வெறுங்குப்பி. உள்ளே அமிலம் மட்டும் இருக்கும். மற்ற குப்பிகளோடு அதுவும் சூடாகும், வடியும், கடைசியில் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் போகும். அதில் நியோடிமியம் என்ற காந்த உலோகம் தெரிந்தால், அது ஆய்வகத்தின் சொந்த அழுக்கு. பாறையோ ஆற்றுநீரோ எலும்போ, எது வந்தாலும் அக்கா முதலில் எடுப்பது வெறுங்குப்பியைத்தான். பட்டப்பெயர் வந்தது அப்படி. வீட்டிலும் டம்ளரை மூன்று தடவை அலசுவார். "நான் குடிக்கப்போறது தண்ணி, உன் ஆசிட் இல்ல" என்பார் பேருந்து ஓட்டுநரான கணவர்.

இந்த முறை வந்தவை பதினொரு பால்பற்கள். காந்தத்துக்கான உலோகம் பிரிக்கும் ஆலை ஒன்றின் பின்தெருவில் குடியிருக்கும் தையல்காரம்மா, தெருப்பிள்ளைகளுக்கு விழுந்த பற்களை இரண்டு வருடமாகத் தீப்பெட்டிகளில் சேர்த்திருந்தார். ஆலைக்குத் தாது வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதிலுள்ள நியோடிமியம் ஐசோடோப்புகளின் விகிதம் வேறு, உள்ளூர் மண்ணின் விகிதம் வேறு, கைரேகை மாதிரி. ஆலையின் விகிதம் பல்லில் இருந்தால், அதன் தூசு பிள்ளைகளின் உடம்புக்குள் போயிருக்கிறது என்று ஆலைமீது நடக்கும் விசாரணையில் அடித்துச் சொல்லலாம். ஆனால் பல்லை முழுதாகக் கரைத்தால்தான் அளக்க முடியும். மிச்சம் வைக்க வழியில்லை.

கரைத்த பற்கள் மூடி திறந்த குப்பிகளில், சூடான தட்டின் மேல் வற்றிக்கொண்டிருந்த மதியம், அக்கா சாப்பிடப் போனார். திரும்பி வந்தால், தூசு புகாத சுத்த அறையின் வெள்ளைத் தரையில் கதவிலிருந்து தட்டுவரை சாம்பல்நிறச் சுவடுகள். அடுத்த வாரம் மெஷினும் சொல்லிவிட்டது: வெறுங்குப்பியில் எண்ணூற்றுப் பத்து, அதுவும் அச்சு அசலாக ஆலையின் விகிதத்தில்.

இயக்குநரின் கதவை அக்கா தட்டவில்லை. தள்ளினார்.

"அன்னிக்கு யாரு சார் உள்ள வந்தது?"

"ஆலைல இருந்து ரெண்டு பேரும்மா. நம்ம மெஷினைப் பாக்கணும்னாங்க. ரெண்டே நிமிஷம்."

"ஷூவோடயா?"

"ஷூ மேல மாட்டற உறை தீந்துபோச்சு..."

"அந்த ஆலைத் தரைல நடந்த ஷூ சார் அது! மூட்டையா கொண்டாந்து கொட்டியிருக்கலாமே!"

"கத்தாதம்மா. போன மாச பிளாங்க் இருபதுதானே? அதையே போட்டுடு. பல்லுல ஆலையோட கைரேகை பளிச்னு தெரியுது. நீ கேட்டதும் அதுதானே?"

அக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஷூவோடு விட்டதைக்கூடப் பொறுத்திருப்பார்.

"அது பல்லுல இருந்து வந்ததா, உங்க விருந்தாளி கால்ல இருந்து வந்ததான்னு எனக்கே தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது? பார்வையாளர் பதிவேட்டை ஆலையோட வக்கீல் ஒரு தடவ புரட்டினா போதும், அந்தத் தெருவே பொய் சொல்லுதுன்னு ஆயிடும்."

அறிக்கையில் எழுதினார்: பிளாங்க் 810. பதினொரு முடிவுகளும் செல்லாது. காரணம், காலணியோடு நுழைந்த இருவர். அனுமதித்தவர், இயக்குநர்.

"என் பதவி எதுக்கும்மா அதுல?"

"நீங்கதானே சார் கதவத் திறந்தீங்க?"

அடுத்தது அதைவிடக் கஷ்டம். தையல்காரம்மாவுக்குப் போன் செய்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"கரைச்சுத் தொலைச்சிட்டீங்க, அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"நான் ஒவ்வொரு வீடா கையேந்தி வாங்கினது. திரும்பக் காய்க்கறதுக்குப் பல்லு என்ன கத்திரிக்காயா?"

"திட்டுங்கக்கா. திட்டிட்டு சொல்லுங்க, தெருவுல இன்னும் ஆடுற பல்லு எத்தனை இருக்கு?"

கோபம் குறையாத குரலிலேயே கணக்கு வந்தது. "என் சின்னவளுக்கு ரெண்டு. எதிர்வீட்டுப் பயலுக்கு ஒண்ணு. மேஸ்திரி பேத்திக்கு ஒண்ணு, அது இன்னும் கெட்டியாதான் நிக்குது."

விசாரணை அடுத்த மாதம் பதினாறாம் தேதி. ஒரு பல்லை அளந்து முடிக்க ஒன்பது நாள். ஏழாம் தேதிக்குள் விழும் பற்கள்தான் சேரும்.